கடைசி நூறு அடி

அன்பு வாசகர்களுக்கு,

பாம்பனில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் பல வருடங்களாக நமக்கு அஞ்சலட்டை எழுதுகிறார். அட்டையில் இடம் தீர்ந்துவிட்டால் விடமாட்டார். ஓரத்தில் செங்குத்தாக இரண்டு வரி ஏற்றிவிடுவார். அதைப் படிக்க அட்டையைச் சுக்கான் மாதிரித் திருப்ப வேண்டும். பாராட்டி எழுதியது இதுவரை இரண்டே முறை, அதில் ஒன்று அட்டைப்படத்துக்கு.

அண்மையில் வந்த அட்டையில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். 2025 நவம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம், திருச்சி நெடுஞ்சாலையிலேயே ஒரு சிறிய பயிற்சி விமானம் இறங்கியதே, நினைவிருக்கிறதா? உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். பஸ்சும் லாரியும் போகிற ரோட்டில் விமானம் நிற்கிற படம் எல்லாருடைய செல்போனிலும் சுற்றியது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தார்: “இறங்கும்போது விமானம் அடிபட்டால் கடைசியில் பழி விமானி தலையில்தான் விழும், இது ஊருக்கே தெரியும். இதைச் சொல்ல ஒரு வருஷம் விசாரணையா? எங்கள் ஊரில் படகு தரைதட்டினால் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்போம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.” செங்குத்து வரியில்: “பதில் போடவும். மழுப்ப வேண்டாம்.”

மழுப்பாமல் சொல்வதென்றால் முதலில் ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும். நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், ஒரு விபத்துச் செய்திக்கு “விமானியின் கவனக்குறைவா?” என்று தலைப்பு வைத்தேன். விபத்து நடந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. எனக்குத் தெரிந்தது எதுவுமில்லை. அந்தக் கேள்விக்குறி இருக்கிறதே, அது எங்கள் தொழிலில் ஒரு பழைய தந்திரம். சொல்வதைச் சொல்லிவிடலாம், கேட்டால் கேள்விதானே கேட்டோம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். பக்கம் அழகாக இருக்கிறது என்று மேஜையில் எல்லாரும் சொன்னார்கள். அந்த விமானியின் வீட்டிலும் பத்திரிகை வாங்கியிருப்பார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

சரி, பாம்பன்காரரின் கேள்விக்கு வருவோம்.

விமானம் இறங்குவது என்றால் என்ன? பறப்பதற்கு வேண்டிய வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, அது முழுதாகத் தீரும் நேரமும் சக்கரம் தரையைத் தொடும் நேரமும் ஒன்றாக வரும்படி பார்த்துக்கொள்வது. முன்னாடியே தீர்ந்தால் பொத்தென்று விழும். தீராமல் தொட்டால் பந்து மாதிரி எகிறும். இதில் காற்று நேராக வந்தால் வேலை பாதி. பக்கவாட்டில் அடித்தால்தான் பாடு. அப்போது விமானி மூக்கைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் திருப்பி, ஓடுபாதையை நோக்கிச் சாய்வாகவே வருவார். மூக்கு ஒரு பக்கம், போகிற வழி ஒரு பக்கம். விமானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயரே நண்டுதான்! தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், வாலில் இருக்கும் சுக்கானை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். சீக்கிரம் செய்தால் காற்று விமானத்தைப் பாதையிலிருந்து தள்ளிவிடும், தாமதித்தால் சக்கரம் பக்கவாட்டில் இழுபடும். நீரோட்டம் குறுக்கே இழுக்கும்போது பாம்பன் பாலத்துக்கு அடியில் படகை நுழைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களும் தூணைப் பார்த்து ஓட்டுவதில்லை, தூணுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிடத்தைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள்.

இதெல்லாம் கடைசி நூறு அடியில், சில நொடிகளுக்குள் நடக்கும். அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாமே விமானி செய்தது மாதிரித் தெரிகிறது. கடைசியாக விமானம் இருந்தது அவர் கையில்தானே.

விசாரணைக்கு வருகிறவர்கள் தொடங்குவதோ வேறு முனையில். பெரிய விமானம் என்றால் கறுப்புப் பெட்டி இருக்கும் (நிறம் ஆரஞ்சு, பெயர் ஏனோ அப்படி நிலைத்துவிட்டது). சிறிய பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் அது இருக்காது. உடைந்த உலோகத்தைத்தான் பேசவைக்க வேண்டும். முதலில் புரொப்பெல்லரைப் பார்ப்பார்கள். எஞ்சின் சக்தியோடு சுழன்றபடி தரையில் அடித்திருந்தால் எல்லா இறக்கையும் முறுக்கிக்கொண்டு வளைந்திருக்கும், குறுக்கே கீறல் விழுந்திருக்கும். நின்றுபோன பிறகு அடித்திருந்தால் அடியில் இருந்த ஒன்று மட்டும் பின்னால் மடங்கி, மற்றது பளபளவென்று அப்படியே இருக்கும். அடுத்து எரிபொருள். பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கு ஊற்றும் பெட்ரோல் இளநீல நிறம். காலையில் கிளம்புமுன் டாங்க் அடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது ஒவ்வொரு மாணவனுக்கும் முதல் வாரப் பாடம். பாதி நிரம்பிய டாங்கில் ராத்திரி ஈரம் வேர்த்து, தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். நீலத்துக்குக் கீழே நிறமில்லாத ஒரு முத்து மாதிரி உருளும். டீசலில் தண்ணீர் கலந்து நடுக்கடலில் நின்ற படகுக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அந்த முத்தின் விலை தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது பல்பு. கருவிப் பலகையில் கடுகு மாதிரிச் சிறு எச்சரிக்கை விளக்குகள் இருக்கும். மோதலின்போது அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்ததா, இல்லையா? விளக்கைக் கழற்றி உருப்பெருக்கியில் இழையைப் பார்ப்பார்கள். எரிந்துகொண்டிருந்த இழை சூட்டில் இளகியிருக்கும், அதிர்ச்சியில் நீண்டு சுருள் பிரிந்துபோகும். அணைந்திருந்த இழை குளிர்ந்து விறைத்திருக்கும்; ஒடிந்தாலும் ஒடியும், நீளாது. விமானிக்கு எச்சரிக்கை வந்ததா என்பதற்கு ஒரு மயிரிழை சாட்சி சொல்கிறது. இப்போது எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டதால் இந்தச் சாட்சி மெல்ல ஓய்வுபெறுகிறது.

இனி ஐஸ் கம்பெனிக்காரருக்கென்றே ஒரு செய்தி. கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின்களில், நல்ல வெயில் நாளிலும் உள்ளே பனி கட்டும். காற்று குறுகலான தொண்டைக்குள் புகும்போது அழுத்தம் குறைகிறது, பெட்ரோல் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து சூட்டை உறிஞ்சிவிடும். காற்றில் ஈரம் இருந்தால் அது அங்கேயே உறைந்து தொண்டையை அடைக்கும். வெளியே முப்பது டிகிரி வெயில் அடித்தாலும் சரிதான். உங்கள் கம்பெனியில் காசு செலவழித்துச் செய்கிற வேலையை எஞ்சின் இலவசமாகச் செய்துகொள்கிறது. அதுவும் எப்போது? இறங்குவதற்காக விசையைக் குறைக்கும்போதுதான் இந்த ஆபத்து அதிகம். இதைத் தடுக்க, சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழ் வைத்திருப்பார்கள். அதை இழுக்க மறந்தாலோ, தாமதமாக இழுத்தாலோ எஞ்சின் மூச்சுத் திணறும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விசாரணைக்காரர்கள் வந்து சேர்வதற்குள் குற்றவாளி உருகிப் போயிருப்பான். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பழுதும் இருக்காது. டாங்கில் பெட்ரோல் இருக்கும், தண்ணீர் இருக்காது. அன்றைய வெப்பமும் ஈரப்பதமும் என்ன என்று வானிலைப் பதிவைப் புரட்டி, இப்படி நடந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்தப் பையனோ பெண்ணோ வாயைத் திறந்து, “குமிழை இழுக்க மறந்துவிட்டேன்” என்று சொல்ல வேண்டும்.

யாரிடம் சொல்வார்கள்? “தப்பு உன் மேலா?” என்று கேட்கிறவரிடமா?

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். 1951இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விபத்து விசாரணைக்கென ஒரு விதித்தொகுப்பை ஏற்றது. ‘பதின்மூன்றாம் இணைப்பு’ என்பார்கள். விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. பழியையோ பொறுப்பையோ பங்கு பிரிப்பது அல்ல என்று அது சொல்கிறது. இந்தியாவில் இந்த வேலைக்கென விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு என்று தனி அமைப்பு 2012இல்தான் வந்தது. முப்பது நாளில் முதல்கட்ட அறிக்கை, கூடுமானால் பன்னிரண்டு மாதத்தில் இறுதி அறிக்கை. போலீஸ் வழக்கு வேண்டுமென்றால் அது தனியாக நடக்கட்டும். இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள் என்பதுதான் ஏற்பாடு. ஏட்டில் இருப்பது நடப்பில் எப்போதும் இருக்கிறதா என்று கேட்டால், நம் டி.வி. விவாதங்களைப் பார்க்கிறவர்கள் சிரிப்பீர்கள்.

கறுப்புப் பெட்டி என்றேனே, அது உருவானதன் பின்னாலும் ஒரு கடல் இருக்கிறது. 1934 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் பாஸ் நீரிணைக்கு மேலே ஒரு பயணி விமானம் காணாமல் போனது. அதில் போன ஒருவருடைய மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா கடைசியாக வாங்கிக்கொடுத்தது ஒரு கிரிஸ்டல் ரேடியோ செட். அதைப் பிரித்து மாட்டி விளையாடிய அந்தப் பையன் டேவிட் வாரன்தான், பின்னாளில் விமானி அறையின் பேச்சையும் கருவிகளின் அளவையும் பதிந்துவைக்கும் பெட்டியைச் செய்து காட்டினார். நம் பக்கத்திலும் அந்தப் பெட்டிக்காக ஒரு காத்திருப்பு உண்டு. 2015 ஜூன் 8ஆம் தேதி இரவு, கண்காணிப்பு முடித்துச் சென்னை திரும்ப வேண்டிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேரோடு மறைந்தது. ஒரு மாதத்துக்கு மேல் தேடினார்கள். கடைசியில் ‘ஒலிம்பிக் கேனியன்’ என்ற கப்பலை வைத்து, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அந்தப் பெட்டியை மேலே எடுத்தார்கள். அந்த ஒரு மாதமும் கடற்கரை ஊர்களில் பேச்சு அதுதான். கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டின் காத்திருப்பு எப்படியிருக்கும் என்று அங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பாம்பன், ராமேஸ்வரம் என்றதும் நீங்கள் எதிர்பார்க்கிற பெயருக்கு இப்போது வருகிறேன். அப்துல் கலாமைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை; பாதிக்கு மேல் பொன்மொழி. நான் சொல்லப்போவது அவர் அடிபட்ட கதையை.

ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் யாத்ரீகர்களை ஏற்றிச் செல்லப் படகு கட்டியவரின் மகன் அவர். ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். பையன்களுக்குப் புரியவில்லை. மாலையில் எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய், பறவைகளைக் காட்டி, வாலையும் இறக்கையையும் கவனிக்கச் சொன்னார். அந்தச் சாயங்காலம்தான் தன்னை விமானத்தின் பக்கம் திருப்பியது என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். விமானப்படையில் விமானியாகத்தான் ஆசைப்பட்டார். டேராடூன் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்தார்.

2001 செப்டம்பர் 30. ராஞ்சியிலிருந்து பொகாரோவுக்கு ஹெலிகாப்டரில் போகிறார். தரையிறங்கச் சில நொடிகள் இருக்கும்போது எஞ்சின் செயலிழந்ததுபோல் ஆகி, ஹெலிகாப்டர் தரையில் மோதியது. எல்லாரும் தப்பினார்கள். அவர் நேராக நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்! ராத்திரி டாக்டர்கள் அதிர்ச்சி தணிய மாத்திரை கொடுத்தார்கள். வழக்கத்தைவிட நெடுநேரம் தூங்கி, எட்டு மணிக்கு மேல் எழுந்தார். ‘எழுச்சி தீபங்கள்’ நூல் இந்த விபத்தில்தான் தொடங்குகிறது. அந்தத் தூக்கத்தில் வந்த கனவைத்தான் அடுத்துச் சொல்கிறார்.

தன் விபத்தை இரண்டு மூன்று வாக்கியத்தில் முடித்தவர், இன்னொரு விபத்தை அப்படிக் கடக்கவில்லை. 1999 ஜனவரி 11. பெங்களூரில் உருவான வான்வழிக் கண்காணிப்புத் திட்டத்தின் சோதனை விமானம், முதுகில் தட்டு மாதிரி பெரிய சுழல் ரேடார் கூண்டைச் சுமந்த ஓர் ஆவ்ரோ, சோதனையை முடித்து அரக்கோணத்தில் இறங்க வந்துகொண்டிருந்தது. ஓடுதளத்துக்குச் சில மைல் முன்பாக அந்தக் கூண்டு பிய்ந்துபோனது. விமானம் நிலைகுலைந்து விழுந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். அப்போது பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்குத் தலைவர் கலாம். பெங்களூருக்குப் போய் அந்தக் குடும்பங்கள் முன்னால் நின்றார். ஒரு பெண் கைக்குழந்தையை அவர் முன் நீட்டி, இதை இனி யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள். இன்னொருத்தி, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். இதையெல்லாம் மறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னார் என்று நான் தேடிப்பார்த்தேன். பதில் சொன்னதாக அவர் எழுதவில்லை. அந்தத் திட்டம் அப்படியே நின்றுபோனது. பல வருடம் கழித்து, 2017இல் ‘நேத்ரா’ என்ற பெயரில் விமானப்படைக்குப் போன கண்காணிப்பு விமானத்தில் சுழலும் தட்டு கிடையாது. முதுகில் அசையாத ஒரு பட்டைதான்.

அதற்கும் இருபது வருடம் முன்னால் ஓர் ஆகஸ்ட் 10. 1979இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பி வங்கக் கடலில் விழுந்தது. ஆய்வுக் கூட்டத்தில் நிபுணர்கள் காரணத்தைத் தொழில்நுட்பமாக அடுக்கினார்கள்: இரண்டாம் கட்டத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்திருக்கிறது. அதோடு முடிந்திருக்கலாம். கலாம் எழுந்து, கடைசி நிமிடங்களில் கசிவு தெரிந்தும் அதைச் சின்ன விஷயம் என்று முடிவுசெய்தது நான், நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொன்னார். இது ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் இருக்கிறது. எப்படிச் சொல்ல முடிந்தது? விழுந்த அன்றைக்குப் பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து கேள்விகளைத் தாங்கிக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு ஜூலையில் ராக்கெட் வெற்றிகரமாகப் போனபோது அதே நாற்காலியில் கலாமை உட்காரவைத்தார். மேலே அப்படி ஒருவர் இருந்தால் கீழே வாய் திறக்கும். அன்றைய மேஜையில் என் மாதிரி கேள்விக்குறி வைக்கிற ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இத்தனையும் அஞ்சலட்டையில் அடங்காது என்பதால் பாம்பனுக்கு போன் போட்டேன். கார்புரேட்டர் பனியைக் கேட்டதும் மனிதர் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“போன வருஷம் இங்க ஒரு கம்ப்ரஸர் ஜாம் ஆயிருச்சு சார். ஆயில் குறைஞ்சது பையனுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரியும். ஏன்டா சொல்லலைன்னு கேட்டேன். அதுக்கு முந்தி ஒரு தடவ வந்து சொன்னப்ப நான் காட்டுக் கத்தல் கத்தியிருக்கேன். எனக்கு ஞாபகமே இல்ல, அவனுக்கு இருக்கு.”

“எவ்வளவு செலவு ஆச்சுண்ணே?”

“அத விடுங்க சார். எழுதிராதீங்க.”

தொகையை எழுதவில்லை, அண்ணே.

ராமநாதபுரத்துக்கு விமான நிலையம் எப்போது என்று கேட்டு வருகிற கடிதங்களுக்கும் இந்த இடத்திலேயே ஒரு வார்த்தை. உச்சிப்புளியில் கடற்படையின் வான்தளம் இருக்கிறது. 2009 மார்ச்சில் முறைப்படி தொடங்கிவைத்தபோது அதற்கு ‘பருந்து’ என்று நல்ல தமிழ்ப் பெயர் வைத்தார்கள். ஆளில்லா விமானங்களுக்கென ஓர் அணி 2012இல் அங்கே வந்தது. அந்த ஓடுதளத்தில் பயணிகள் விமானமும் இறங்க வேண்டும் என்பது மாவட்டத்தின் நெடுநாள் ஆசை. ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இறைச்சிக் கழிவையும் குப்பையையும் திறந்தவெளியில் கொட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. காரணம் நிஜப் பருந்துகள். கருவாடு காயும் கரையில் பருந்தை வட்டமிடாதே என்று யார் சொல்வது? டிக்கெட் விலையோடு சேர்த்து இதையும் இப்போதே பேச ஆரம்பிப்பது நல்லது.

இந்த இதழிலிருந்து விபத்துச் செய்திகளுக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்கிறோம். முதல் செய்தியைப் போட்டுவிட்டு மறந்துவிடாமல், இறுதி அறிக்கை வரும்போது அதே அளவு இடத்தில் அதையும் போடுவோம். தலைப்பில் கேள்விக்குறி வராது. வந்தால் அஞ்சலட்டை போடுங்கள்.

போனை வைக்கும் முன் ஐஸ் கம்பெனிக்காரர் ஒன்று சொன்னார். 2015 ஜூலை 29, கலாமின் உடல் மதுரையிலிருந்து ஹெலிகாப்டரில் மண்டபம் வந்தது. இவர் கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஐஸ் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். எல்லாரும் அழுதுகொண்டு அண்ணாந்து பார்த்திருந்தார்கள்.

“நேரா வந்து இறங்கிரும்னு நெனச்சேன் சார். இறங்கல. ஒரு சுத்து சுத்துச்சு. அன்னிக்குக் கச்சான் காத்து. மூக்க அந்தப் பக்கமாத் திருப்பிக்கிட்டு, மெதுவா, கடல்காக்கா உக்கார்ற மாதிரி உக்காந்துச்சு.”

அன்புடன்,
ஆசிரியர்